கிருத்திகையன்று காலியான ஜாடி

எட்டுப் பேர் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தார்கள்.

மாசிக் கிருத்திகை மாலை. டிராம் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு நேரே வீட்டுக்கு ஓடி வந்திருந்தேன். பினாங்குக் கடைத்தெருவுக்குப் பின்சந்தில் எங்களுக்கு இரண்டு அறை. முன்னறையில் சாமி மாடம். சாம்பிராணிப் புகை உத்தரத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் கோயிலில் என்னோடு சாமி தூக்குகிற ஏழு பேரும், எங்களுக்குத் தலைவரான ஆறுமுக அண்ணனும் பூஜை முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி மீனாட்சி ஒவ்வொரு கையிலும் கரண்டியால் அள்ளி வைத்துக்கொண்டே வந்தாள்.

அவள் இடுப்பில் அணைத்திருந்த ஜாடியைப் பார்த்தேன். கறுப்பு மூடி போட்ட வெள்ளைப் பீங்கான் ஜாடி.

முருகா!

"வாங்க சுப்பையாண்ணே! பழனிப் பஞ்சாமிர்தம்னா இதுல்ல பஞ்சாமிர்தம்!" என்றான் முத்துக்கருப்பன். கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் தொங்காங் படகில் மூட்டை சுமக்கிறவன். என்னைவிட எட்டு வயது இளையவன், என்னைப்போல் ஒன்றரை ஆள். மூன்றாம் முறையாகக் கை நீட்டியிருந்தான். நாக்கில் வைத்தவன் ஒரு கணம் கண்ணை மூடினான். திறந்தபோது என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "நல்ல சரக்கு" என்றான்.

"கொஞ்சம் காரமா இருக்கே?" என்றார் ஆறுமுக அண்ணன். "பழனியில இப்ப மிளகெல்லாமா போடுறான்?"

"மலை மேல குளிருமில்லண்ணே, அதுக்குப் போடுவாங்களா இருக்கும்" என்றாள் மீனாட்சி.

கரண்டி அடியில் பட்டு 'டங்' என்றது. இன்னும் முப்பத்தெட்டு நாளைக்கு நான் ஒருவன் சாப்பிட வேண்டிய லேகியம், ஒரு தேங்காய் உடைத்துத் துருவும் நேரத்துக்குள் தீர்ந்துபோயிற்று.

"உங்களுக்குன்னு கொஞ்சம் வழிச்சு வச்சிருக்கேங்க" என்று ஒரு விரல் நுனி அளவு என் கையில் தடவினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு நக்கினேன். வேறென்ன செய்வது?

சாமி சாய்ந்த முக்கு

போன வாரம் டிராம் மணியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஓர் அன்பர், 'நாள் முழுக்க நின்றபடி வண்டி ஓட்டினீர்களே, உடம்பு எப்படித் தாங்கியது?' என்று கேட்டு எழுதியிருக்கிறார். தாங்கவில்லை ஐயா. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

படகுத்துறையான ஜெட்டியிலிருந்து மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் வரை போவதும் வருவதும்தான் என் வேலை. டிராம் ஓட்டுகிறவனுக்கு நாற்காலி கிடையாது. இடது கை ஒரு பிடியில், வலது கை பிரேக்கில், வலது கால் மணியில். ரிக்ஷா, மாட்டுவண்டி, கூடைக்காரி, கோழி என்று எல்லாருக்கும் காலாலேயே மணி அடிக்க வேண்டும். சாயங்காலம் இறங்கும்போது வலது முழங்கால் இன்னொருவன் முழங்கால் மாதிரி இருக்கும்.

சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது. பசித்தபோது சாப்பாடு இருக்காது, சாப்பாடு இருந்தபோது பசி இருக்காது. இரண்டுக்கும் நடுவில் காதர் நானாவின் ஐஸ் உருண்டை இருக்கும். ஜெட்டி முனையில் அவர் கடை. பலகையில் ஐஸைச் சீவி, உள்ளங்கையில் உருட்டி, மேலே ரோஸ் சிராப்பு ஊற்றித் தருவார். அதை உறிஞ்சிக்கொண்டே வண்டி திரும்பும்வரை நிழலில் நிற்பேன். ஒரு நாளைக்கு நாலு உருண்டை. மதுவோ கள்ளோ தொட்டதில்லை என்று பெருமையாகத் திரிந்தேனே தவிர, அந்த உருண்டைக்கு அடிமையாக இருந்ததை யாரும் குறை சொல்லவில்லை, நானும் உணரவில்லை.

முப்பத்தாறு வயதில் படுத்தால் தூக்கமில்லை, எழுந்தால் தெளிவில்லை என்று ஆயிற்று. பெண்கள் இருவரும் "அப்பா, கதை" என்று வந்து உட்கார்ந்தால் கதையின் ராஜா காட்டுக்குள் போவதற்கு முன்பே எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

அதெல்லாம்கூடப் போகட்டும். சாமி சாய்ந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

துறைமுகத்துப் பக்கம் எங்களுக்கு ஒரு சிறிய முருகன் கோயில். பங்குனி உத்திரத்தன்று பிற்பகலில் சாமி பல்லக்கில் புறப்படுவார். இரண்டு தண்டு, எட்டுத் தோள். இருபத்துநாலு வயதிலிருந்து முன்தண்டின் வலப்பக்கம் என் இடம். அந்த இடத்தைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது, சிபாரிசிலும் வாங்க முடியாது. தோள் நிற்கும்வரை அவனவன் இடம் அவனவனுக்கு. எங்கள் பினாங்கில் எனக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த ஒரு முழ மரத்தண்டுதான்.

அந்தக் கிருத்திகைக்கு முந்தின வருஷத்து உத்திரத்தில், கடைத்தெரு முக்கில் திரும்பும்போது என் வலது முழங்கால் சட்டென்று மடங்கிவிட்டது. சாமி ஒரு சாண் சாய்ந்தார். மாலை ஒன்று கழன்று தெருவில் விழுந்தது. பெண்கள் "ஐயோ முருகா" என்று அலறினார்கள். எனக்குப் பின்னால் இருந்த முத்துக்கருப்பன் ஒரே எட்டில் முன்னால் வந்து தோள் கொடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "டிராம்காரருக்குத் தண்டவாளம் போட்டுக் குடுத்தாத்தான் முக்கு திரும்புவாரு" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பு ஒரு வருஷம் என் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பின்வாசல் வைத்தியர்

அந்தக் காலத்துப் பத்திரிகையைத் திறந்தால் மீசை முறுக்கிய ஓர் ஆள் சிங்கத்தின் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். கீழே லேகிய விளம்பரம். சோர்வா, ஞாபக மறதியா, இல்லறத்தில் சலிப்பா என்று கேள்வி மேல் கேள்வி. வேலைக்குப் போய் அலுத்து வந்த எந்த ஆண்பிள்ளை படித்தாலும் தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான் என்று தோன்றும். இதனாலேயே லேகியம் சாப்பிடுகிறான் என்றால் ஊர் வேறு மாதிரி நினைக்கும். வெற்றிலைக் கடையில் கண்ணடிப்பார்கள்.

ஆகவே கிட்டுண்ணி வைத்தியர் வீட்டுக்கு நான் சந்துப் பக்கம் இருந்த பின்வாசல் வழியாகத்தான் போனேன். வெயிலோ மழையோ, குடையை முகத்துக்கு இறக்கிக்கொண்டு போவேன். அந்தச் சந்தில் குடையை இறக்கிக்கொண்டு போகிற இன்னும் சில பேரைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்குவோமே தவிர, குடையை யாரும் உயர்த்த மாட்டோம். ஒருநாள் வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. படகு மாதிரி அவ்வளவு பெரிய செருப்பு. யாருடையதாக இருக்கும் என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

வைத்தியர் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். தலைமுறை தலைமுறையாக ஆயுர்வேதம். கையைப் பிடித்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். முழங்காலை அமுக்கினார்.

"எந்தா டிராம்காரா, ஒரு நாளைக்கு எத்தனை ஐஸ் உருண்டை?"

"நான் சொல்லவே இல்லையே!"

"நாக்கு ரோஸ் கலர்ல இருக்கு, பின்னே சொல்லணுமா?"

உத்திரத்துக்கு இன்னும் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் இருக்கிறது, போதும் என்றார். அமுக்கராக் கிழங்கு, நெல்லிக்காய், திப்பிலி, சுக்கு, நெய், தேன் எல்லாம் போட்டுக் கிண்டிய லேகியத்தை ஜாடி நிறையக் கொடுத்தார். காலையும் மாலையும் கொட்டைப்பாக்களவு, வெதுவெதுப்பான பாலோடு. அதோடு முடிந்திருந்தால் சந்தோஷமாக வந்திருப்பேன். கூடவே பத்தியம் என்று விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். விடியும் முன் எழ வேண்டும். எழுந்ததும் வெந்நீர். பிறகு பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம். புதனும் சனியும் எண்ணெய்க் குளியல். குளித்த அன்று பகல் தூக்கம் கூடாது. பசித்தால்தான் சாப்பாடு, வயிற்றில் கால்பங்கு காலியாக இருக்கும்போதே இலையை மடிக்க வேண்டும். ஐஸைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது.

"பார்க்கக் கூடாதா? ஜெட்டியில கடை எதிரேயே இருக்கே வைத்தியரே!"

"கண்ணை மூடிக்கோ."

"வண்டி ஓட்டறப்பவா?"

இது எந்த ஊர் விரதம்?

மீனாட்சியிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பதினாலு வருஷம் குடித்தனம் செய்தவளிடம் முழங்கால் வலிக்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஜாடியைச் சாமி மாடத்தில் வைத்தேன். என்ன என்று கேட்டாள். வாய் தானாகச் சொல்லிற்று:

"பழனிப் பஞ்சாமிர்தம். ஊருல இருந்து வந்த ஒருத்தர் குடுத்தாரு. உத்திரம் வரைக்கும் விரதம் இருக்கேன், அதுக்கு."

"இவ்வளவு கறுப்பா இருக்கே?"

"பழசு. அதான்."

சாமி மாடத்துக்கு எதிரிலேயே நின்றுகொண்டு, சாமி பெயரைச் சொல்லி, சாமி பிரசாதம் என்று ஒரு பொய். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சிரித்த முகத்தோடு.

சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு நான் பின்கட்டுக்குப் போனபோது மீனாட்சி இடுப்பில் கை வைத்தாள். "விரதத்துல எண்ணெய்க் குளியலா? இது எந்த ஊர் விரதம்?"

"இது... தனி விரதம்."

அன்றைக்கு எனக்குப் பிற்பகல் முறை. மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைத் தேய்த்துக் குளித்தேன்; சீயக்காயில் எவ்வளவு அலசியும் அதன் மணம் போகவில்லை. என் வண்டியில் டிக்கெட் கிழிக்கிற மலாய்க்காரர் மாட், மூக்கைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தார். "மிஞ்ஞாக் அப்பா இனி?" என்றார். இது என்ன எண்ணெய் என்று கேட்கிறார். சொன்னேன். ஆயர் ஈத்தாம் போய்ச் சேர்வதற்குள் தனக்கும் ஒரு போத்தல் வேண்டும் என்றார்.

காதர் நானாதான் மனசு உடைந்துபோனார். "என்ன தம்பி, என் கடைப் பக்கம் திரும்பாம வண்டியத் திருப்புறீங்க? ஒரு உருண்டை தின்னா செத்தா போவீங்க? வாங்கலா!"

"விரதம் நானா."

"நாங்களும்தான் நோம்பு பிடிக்கிறோம். நோம்பு தொறந்ததும் மொத வேலையா ஐஸ் தண்ணிதான் குடிக்கிறோம். உங்க சாமிக்கு மட்டும் ஐஸ் மேல என்ன கோவம்?"

மணியை மிதித்து வண்டியை எடுத்தேன்.

பத்து நாள் இப்படிப் போயிற்று. பதினோராம் நாள் கிருத்திகை. பூஜைக்கு எட்டுப் பேர் வந்தார்கள். நைவேத்தியப் பழம் போதவில்லை. மாடத்தில் ஒரு ஜாடி பஞ்சாமிர்தம் இருக்கும்போது கையேந்தி நிற்கிற சாமி தூக்கிகளுக்கு இல்லை என்று சொல்வாளா? எங்கள் சனங்களில் யாரும் சொல்ல மாட்டார்கள். பிரசாதத்தை ஒளித்து வைத்துத் தனியாகத் தின்பது பாவம். மீனாட்சி செய்தது தப்பே இல்லை.

கண்ணில் ஒற்றிக்கொண்ட கை

எல்லாரும் போனபிறகு உண்மையைச் சொன்னேன். மீனாட்சி காலி ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன்.

"எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தப்பவே நெனைச்சேன்" என்றாள். "முட்டி வலின்னு என்கிட்டச் சொல்ல என்னங்க வெக்கம்? அந்த முக்குல நீங்க மடங்கினப்ப நானுந்தானே பார்த்தேன்? ஒரு வருஷமா நீங்க அதப் பத்திப் பேசுவீங்கன்னு நானும் பேசாம இருந்தேன்."

காலி ஜாடியை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"என்கிட்டப் பொய் சொன்னதுகூடப் போகட்டும். அவங்க எட்டுப் பேரும் கண்ணுல ஒத்திக்கிட்டுத் தின்னாங்க. அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

சொல்லத்தான் வேண்டும். ஆனால் உத்திரத்துக்குப் பத்து நாள் முன்னால் 'தோள் பார்க்கும் நாள்' என்று ஒன்று உண்டு. பல்லக்கில் சாமிக்குப் பதிலாக அரிசி மூட்டைகளை ஏற்றி, அதன்மேல் விளிம்பு ததும்பத் தண்ணீரோடு ஒரு சொம்பை வைத்து, கோயிலை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். எந்தப் பக்கம் தண்ணீர் சிந்துகிறதோ அந்தப் பக்கத்து ஆள் அந்த வருஷம் தண்டுக்கு வெளியே. போன வருஷமே மடங்கியவன், லேகியம் தேடி அலைந்ததையும் ஒப்புக்கொண்டால், சொம்பு வைப்பதற்கு முன்பே ஆறுமுக அண்ணன் என் இடத்தை முத்துக்கருப்பனுக்குக் கொடுத்துவிடமாட்டாரா? அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அவர்கள் விட்டால்தானே! மறுநாளே ஆரம்பித்துவிட்டது. சின்னத்தம்பி என்பவன் அளவுக்கு மீறித் தின்றுவிட்டு விடிய விடியச் சொம்பும் கையுமாக அலைந்திருக்கிறான். "வயித்துல இருந்த பாவமெல்லாம் போயிடுச்சுண்ணே" என்று கும்பிட்டான். இன்னொருவன், பல மாதம் கழித்து நன்றாகத் தூங்கினானாம். "பழனியாண்டவன் கண் தொறந்துட்டான், இன்னும் கொஞ்சம் இருந்தா குடுங்கண்ணே" என்று டிராமை நிறுத்திக் கேட்டான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சீனக் கிழவி ஒருத்தி, இவன் ஏன் ஓட்டுகிறவனைக் கும்பிடுகிறான் என்று விழித்தாள்.

முத்துக்கருப்பன் மட்டும் கேட்கவில்லை. என்னைக் கண்டால் சிரிப்பை அடக்குகிற மாதிரி வாயைப் பொத்திக்கொள்வான். என் இடம் தனக்குத்தான் என்ற சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜாடி போனால் போகட்டும்

வைத்தியரிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டவர், கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.

"என்டெ குருவாயூரப்பா! ஒரு மண்டல மருந்தை எட்டுப் பேர் ஒரே வேளையிலா!"

"இன்னொரு ஜாடி குடுங்க வைத்தியரே."

"சரக்கு தீர்ந்தாச்சு. நாகப்பட்டினக் கப்பல் வந்தால்தான் கிழங்கு வரும். அது உத்திரம் கழிச்சுத்தான்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எதிரில் உட்கார்ந்து கேட்டார்: "இந்தப் பத்து நாளா உறக்கம் எப்படி?"

"நல்லா வருது."

"பசி?"

"நேரத்துக்குப் பசிக்குது."

"பத்து நாள் லேகியத்துல இதெல்லாம் வந்துடாது டிராம்காரா. மருந்து இறங்கறதுக்கே அத்தனை நாள் ஆகும். ஜாடியைத்தான் அவங்க தின்னாங்க. வெந்நீரைத் தின்னாங்களா? எண்ணெய்க் குளியலைத் தின்னாங்களா? தோப்புக்கரணத்தைத் தின்னாங்களா? அதெல்லாம் உன்கிட்டத்தானே இருக்கு? இன்னைக்கு முப்பது போடு. நாளுக்கு மூணு கூட்டு."

வீட்டில் இப்போது ஒளிவு மறைவில்லை என்பதால் மீனாட்சியே தளபதி ஆகிவிட்டாள். நான் எழும்போது வெந்நீர் தயாராக இருக்கும். வேலைக்குக் கட்டிக் கொடுக்கிற சோற்றை நேரம் தவறாமல் சாப்பிட்டேனா என்று என் வண்டி மலாய்க்காரரிடம் விசாரிக்கிற அளவுக்குப் போனாள். அவரும் "சுடா மாக்கான், அக்கா" என்பார், சாப்பிட்டாயிற்று என்று. சனிக்கிழமை மிளகு ரசம் வைத்துவிட்டு, பகலில் என் கண் சொருகினால் பெரிய பெண்ணை என் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை கேட்கச் சொல்வாள். அந்த மாதத்தில்தான் என் ராஜா காட்டுக்குள் போய், புலியைக் கொன்று, கல்யாணமும் செய்துகொண்டு ஊர் திரும்பினான்.

தோப்புக்கரணத்தைப் பெண்கள் இருவரும்தான் எண்ணுவார்கள். முப்பத்து மூன்று, முப்பத்தாறு, முப்பத்தொன்பது. ஒருநாள் வண்டியிலிருந்து இறங்கி வீட்டு வாசலுக்கு வந்தபிறகுதான் நினைவு வந்தது, அன்றைக்கு முழங்காலைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை என்று. அங்கேயே நின்று கும்பிட்டேன்.

தோள் பார்க்கும் நாள்

அன்று ஞாயிற்றுக்கிழமை. கோயில் பிராகாரத்தில் பல்லக்கு தயாராக நின்றது. மூட்டைகள் ஏறியாயிற்று. பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மீனாட்சியும் இருந்தாள்.

ஆறுமுக அண்ணன் சொம்பைக் கையில் எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சுப்பையா, தண்டு தொடுறதுக்கு முன்னாடி அந்தப் பஞ்சாமிர்தத்துல ஆளுக்கு ஒரு விரல் குடு. பசங்க ஆசைப்படுறாங்க. வீட்டுக்கு ஆள் அனுப்பி ஜாடியக் கொண்டாரச் சொல்லு, அடியில கொஞ்சமாச்சும் ஒட்டியிருக்குமில்ல?"

ஏழு பேரும் கை நீட்டினார்கள். ஏழு உள்ளங்கைகள். நான் மீனாட்சியைப் பார்த்தேன். அவள் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் பூக்கட்டும் கை நின்றிருந்தது.

"அது பஞ்சாமிர்தம் இல்லைண்ணே" என்றேன். "லேகியம். கிட்டுண்ணி வைத்தியர் குடுத்தது. என் முட்டிக்கும் தோளுக்கும். வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுல பழனின்னு பொய் சொல்லிட்டேன். அவ தெரியாம உங்களுக்குக் குடுத்துட்டா. தப்பு என்னோடது."

நீட்டியிருந்த கைகள் இறங்கின. சின்னத்தம்பி மெதுவாகக் கேட்டான்: "அப்ப எனக்குப் போனது பாவம் இல்லியா?"

ஆறுமுக அண்ணன் சிரிக்கவில்லை. "முருகன் பேரச் சொல்லியா பொய் சொன்னே?"

"ஆமாண்ணே."

"அவன் முன்னாலயே?"

"ஆமாண்ணே."

சொம்பைக் கீழே வைத்தார். என் இடம் போயிற்று என்று எண்ணிக்கொண்டேன். அவர் பிள்ளையார் சந்நிதியைக் காட்டினார். "தம்பி பேரச் சொல்லிப் பொய் சொன்னா அண்ணன்கிட்டதான் மன்னிப்புக் கேக்கணும். நூத்தியெட்டுத் தோப்புக்கரணம். ஒண்ணு குறையக் கூடாது. போட்டுட்டு வந்து நேரா தண்டைப் பிடி. இருபது எண்ணறதுக்குள்ள கால் வெடவெடக்கும். அப்புறம் சொம்பு சொல்லட்டும், இடம் உனக்கா இல்லையான்னு."

நான் மீனாட்சியைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். அன்று காலைதான் வீட்டில் நூற்றைந்து போட்டுவிட்டு வந்திருந்தேன்!

காதைப் பிடித்தேன். முத்துக்கருப்பன் சத்தமாக எண்ணினான். இருபது வந்தது. நாற்பது வந்தது. அறுபதில் ஆறுமுக அண்ணன் இன்னும் கிட்டே வந்து என் முழங்காலைக் குனிந்து பார்த்தார். எண்பதுக்குமேல் ஏழு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். நூறில் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். "நூத்தியெட்டு!" என்று பிராகாரமே கத்தியபோது எனக்கு வியர்த்திருந்தது, ஆனால் மூச்சு சீராக இருந்தது.

நேரே போய் முன்தண்டின் வலப்பக்கம் தோள் கொடுத்தேன். மூன்று சுற்று. சொம்புத் தண்ணீர் விளிம்பில் மினுங்கிக்கொண்டே வந்தது, சிந்தவில்லை. மூன்றாம் சுற்று முடிந்து இறக்கியதும் ஆறுமுக அண்ணன் அந்தத் தண்ணீரை எடுத்து என் தலையில் ஊற்றினார்.

"எடம் உன்னோடதுதான். ஆனா இனி உன் வீட்டுல எந்த ஜாடியத் தொட்டாலும் மோந்து பார்த்துட்டுத்தான் தொடுவேன்" என்றார்.

அதே முக்கு

உத்திரத்தன்று வெயில் நன்றாக இருந்தது. சாமி புறப்பட்டார். காதர் நானா தன் கடை வாசலில் தெருவுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, கையில் ஓர் ஐஸ் உருண்டையை உயர்த்திக் காட்டி என்னை வெறுப்பேற்றினார்.

கடைத்தெரு முக்கு வந்தது. மேளம் ஓங்கியது. எல்லாக் கண்ணும் என் முழங்காலில் இருந்தது என்று எனக்குத் தெரியும். 'முருகா, உன் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னவன் தோள்தான் இது. ஆனாலும் உன்னுடைய தோள்' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, வலது காலை ஊன்றித் திரும்ப ஆரம்பித்தேன்.

அப்போது பின்னாலிருந்து என் காதோரம் முத்துக்கருப்பன் கிசுகிசுத்தான்.

"சுப்பையாண்ணே."

"இப்பவாடா பேசணும்?"

"கிருத்திகையன்னிக்கு மொத நக்குலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணே."

"என்ன?"

"அது வைத்தியர் லேகியம்னு. எங்க வீட்டு அரிசிப் பானைக்குள்ள அதே ஜாடிதான் இருக்கு. என் சம்சாரத்துக்கே தெரியாது. ஆனா உங்க ஜாடியில திப்பிலி கூடுதல்ணே. எனக்கு மட்டும் ஏன் கம்மியாப் போட்டான் அந்த மனுஷன்?"

படகு மாதிரி கிடந்த அந்தச் செருப்பு கண் முன்னால் வந்தது. அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. என் தோள் குலுங்க, அவன் தோள் குலுங்க, பக்கத்துத் தண்டிலிருந்து ஒரு குரல், "எனக்கும் கம்மிதான்ணே" என்றது. அதற்குப் பின்னால் இன்னொரு குரல் களுக்கென்று சிரித்தது. எட்டுத் தோளும் குலுங்க, மேலே சாமியும் குலுங்கினார். கால்கள் மட்டும் அடி தவறவில்லை. முக்கைத் தாண்டிவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் மீனாட்சி வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் முகம் விளக்கு மாதிரி இருந்தது.

"நீங்க தண்டுக்குக் கீழ இருந்தீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். "கூட்டத்துல அத்தனை பேரும் பார்த்தாங்க. இந்த வருஷம் அந்த முக்குல முருகன் சிரிச்சுக்கிட்டே திரும்பினாருங்க."

இந்த முறை முருகன் பெயரைச் சொல்லி அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. "ஆமா, சிரிச்சாரு" என்றேன்.